யூனிட் கணக்கு: வீட்டுக்கு மண், மணல், ஜல்லி இறக்கும் முன் தெரிய வேண்டியவை

தமிழ்நாட்டில் மண்ணும் ஜல்லியும் யூனிட்டில்தான் விலை பேசப்படுகின்றன. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி, மெட்ரிக்கில் ஏறக்குறைய 2.83 கன மீட்டர். இது எல்லா வியாபாரிக்கும் தெரியும், வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கும் தெரியும். ஆனால் வண்டி வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே உண்மையில் எத்தனை கன அடி இருக்கிறது என்று டேப் பிடித்துப் பார்க்கிறவர்கள் அபூர்வம். நாலு பேரிடம் போன் போட்டு விலை கேட்டு, யூனிட்டுக்கு இருநூறு முந்நூறு குறைத்துப் பேசிவிட்ட திருப்தியில் இருப்போம், அதே லோடில் அரை யூனிட் குறைந்து வந்திருக்கும், அந்த அரை யூனிட்டின் விலைக்கு முன்னால் நாம் குறைத்துப் பேசியது ஒன்றுமே இல்லை.

இத்தனைக்கும் எல்லா நேரமும் இது ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது. மண்ணும் மணலும் கன அளவு நிலையாக இருக்கிற பொருட்கள் அல்ல. குவாரியில் ஏற்றும்போது ஒரு அளவு, நாற்பது கிலோமீட்டர் குலுங்கி வந்தபின் ஒரு அளவு, மழையில் நனைந்தால் ஒரு அளவு, கொட்டி மிதித்து ஒரு மழைக்காலம் போனபின் இன்னொரு அளவு. எந்த அளவுக்குக் காசு கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டைச் சுற்றி மண் நிரப்ப, செடி வைக்க, நடைபாதை போட என்று வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும், ஏனென்றால் கட்டடம் கட்டுகிற இடத்தில் ஒரு மேஸ்திரியோ இன்ஜினியரோ நின்று பார்ப்பார், தோட்ட வேலைக்கு அப்படி யாரும் இருக்க மாட்டார்கள்.

முதலில் வண்டியின் பாடி அளவு. உள்பக்கத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி, அதாவது மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த வண்டியில் ஒவ்வொரு அங்குல உயரமும் சுமார் 8 கன அடி. விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே சரக்கு இருந்தால் கால் யூனிட் போச்சு. சரக்கை நடுவில் கோபுரம் மாதிரி குவித்து ஏற்றியிருப்பார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் வழிந்து நிற்பதுபோலத் தெரியும், ஆனால் நான்கு மூலைகளிலும் அரை அடிப் பள்ளம் இருக்கும். அதனால் கொட்டுவதற்கு முன்பு ஒரு ஆளை மேலே ஏறச் சொல்லி மட்டமாக இழுத்துவிட்டு, ஒரு கம்பியை அடி வரை குத்தி ஆழம் பாருங்கள். வெளியிலிருந்து உயரம் எடுத்தால் தரைத் தகட்டின் அல்லது பலகையின் தடிமனும் கணக்கில் சேர்ந்துவிடும். கொட்டிய பிறகு குவியலை அளந்து சண்டை போடுவது வீண் வேலை, அதை யாராலும் நிரூபிக்க முடியாது. பேசும்போதே, "வண்டி வந்ததும் அளந்துவிட்டுத்தான் இறக்குவோம்" என்று சொல்லிவிடுவது நல்லது. அந்த ஒரு வாக்கியத்துக்கே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது எடை. கல் உடைக்கும் கிரஷர்களில் எடைமேடை இருக்கும், அங்கே கணக்கு டன்னில்தான் ஓடுகிறது, இடையில் இருக்கிற ஆள்தான் அதை யூனிட்டாக மாற்றி நமக்கு விற்கிறார். மாற்றத் தெரிந்தால் நமக்கும் ஒரு பிடி கிடைக்கும். காய்ந்த மணல் யூனிட்டுக்கு சுமார் நாலரை டன் வரும். கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் அதைவிடக் கொஞ்சம் கனம், ஐந்து டன் வரை போகும். முக்கால் அங்குல ஜல்லி நாலு முதல் நாலரை. தளர்வாக அள்ளிப்போட்ட செம்மண் மூன்றரை, நாலு. இவை எல்லாம் தோராயம்தான், கல்லின் வகைக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாறும், ஆனாலும் பெரிய ஓட்டையைக் கண்டுபிடிக்க இது போதும். மூன்று யூனிட் எம்-சாண்ட் என்று சொல்லி எடைச்சீட்டில் 10 டன் இருந்தால் கணக்கு உதைக்கிறது.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். இரண்டு அச்சு கொண்ட ஆறு சக்கர லாரிக்கு வண்டியோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 16.2 டன்னாக இருந்தது, 2018-ல் மத்திய அரசு அதை 18.5 டன்னாக உயர்த்தியது. வெறும் வண்டியே ஆறு ஏழு டன் இருக்கும். மிச்சம் பதினொன்று, பன்னிரண்டு டன் சரக்கு. ஆக ஆறு சக்கர வண்டியில் மூன்று யூனிட் எம்-சாண்ட் நியாயமாக ஏறவே முடியாது. ஒன்று வண்டி ஓவர்லோடு, அல்லது உங்கள் யூனிட் குறைவு. ஓவர்லோடு என்றால் வழியில் மடக்கி நிறுத்தினால் உங்கள் லோடு வராது, வந்தாலும் உங்கள் தெருவின் கதி என்ன என்பது வேறு கதை.

இனி மணலின் ஈரத்துக்கு வருவோம், எனக்கு இந்த விஷயத்திலேயே சுவாரசியமான பகுதி இதுதான். காய்ந்த மணலில் ஐந்து சதவீதம் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தால் அதன் கன அளவு கூடிவிடும். ஒவ்வொரு மணல் துகளையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி, அந்தப் படலத்தின் இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது, நடுவில் காற்று நிற்கிறது. நடுத்தர மணலுக்குக் கால் பங்கு வரை பொங்கும், நைஸ் மணலுக்கு அதற்கும் மேலே போகும். அதாவது ஈரமான மணல் மூன்று யூனிட் வாங்கினால் உள்ளே காய்ந்த கணக்கில் 2.4 யூனிட்தான் இருக்கலாம், மிச்ச 60 கன அடி வெறும் காற்று. வேடிக்கை என்னவென்றால், மேலும் மேலும் தண்ணீர் ஊற்றி முழுக்க நனைத்துவிட்டால் மணல் மறுபடி பழைய அளவுக்கே இறங்கிவிடும். ஆகவே தண்ணீர் சொட்டச் சொட்ட வருகிற லாரியைவிட, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு ஈரமாக வருகிற லாரியில்தான் நமக்கு அளவு நஷ்டம் அதிகம். ஜல்லிக்கு இந்தத் தொல்லை இல்லை, துகள் பெரிது.

இதைச் சோதிக்க லேப் வேண்டாம். ஒரு நேரான கண்ணாடி பாட்டிலிலோ டப்பாவிலோ மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு அந்த ஈர மணலைத் தளர்வாகப் போட்டு, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மணலை வெளியே எடுத்துவிட்டு பாட்டிலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதே மணலைத் திரும்பப் போட்டு ஒரு குச்சியால் நன்றாகக் கிளறிக் குத்திவிட்டு, படிந்ததும் மறுபடி உயரம் பாருங்கள். முதலில் 20 செ.மீ. இருந்தது 16-க்கு இறங்கினால் மணல் பொங்கியிருந்த அளவு 25 சதவீதம். இந்திய தர நிர்ணயத்தில் ஐஎஸ் 2386 என்ற தொகுப்பின் மூன்றாம் பகுதியிலும் இதே முறைதான் இருக்கிறது. அதே பாட்டிலை அப்படியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டால் மேலே படிகிற வண்டல், தூசி அடுக்கும் தெரிந்துவிடும், அது வேறு ஒரு சோதனை, இலவசமாகக் கிடைக்கிறது.

அப்படியானால் எடைக்கு வாங்கினால் சரியாகிவிடுமா? ஓரளவுக்கு. கன அளவில் வாங்கினால் காற்றுக்குக் காசு, எடையில் வாங்கினால் தண்ணீருக்குக் காசு. ஆனால் இரண்டும் சமம் இல்லை. அதே ஐந்து சதவீத ஈரம் எடையில் ஐந்து சதவீதம்தான் கூட்டும், கன அளவில் இருபத்தைந்து கூட்டும். அதனால் மணல், எம்-சாண்ட், பூச்சு வேலைக்கான பி-சாண்ட் எல்லாம் எடைச்சீட்டோடு வாங்குவதுதான் லாபம் என்பது என் கட்சி. மண் விஷயத்தில் இது தலைகீழ். மழையில் ஊறிய களிமண் தன் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீரையே சுமந்து வரும், அதை எடை போட்டு வாங்குவது மடத்தனம், மண்ணைப் பாடி அளவில் வாங்குங்கள், மழை விட்டு நாலு நாள் கழித்து வாங்குங்கள். அரசாங்கமே இப்போது டன் பக்கம் சாய்ந்துவிட்டது. 2025 ஏப்ரலில் கனிமம் இருக்கும் நிலத்துக்குப் புதிய வரி நடைமுறைக்கு வந்தது, குவாரிக் கற்களுக்கான உரிமத் தொகையைக் கன மீட்டரிலிருந்து டன்னுக்கு மாற்றுவது பற்றியும் இழுபறி நடந்தது, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜல்லி எம்-சாண்ட் விலை ஏறி, பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான் கொஞ்சம் இறங்கியது. அந்த நேரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்கள்.

சரி, என்ன சரக்கு வாங்குவது? இடத்தை உயர்த்த வேண்டும் என்று சொன்னால் வியாபாரி நாலைந்து பெயர் சொல்வார். கிராவல் என்றால் இங்கே சரளை கலந்த செம்மண், நன்றாக இறுகும், பாதை போடவும் வண்டி நிறுத்துகிற இடத்துக்கும் பொருத்தம், செடிக்கு ஆகாது. செம்மண் என்பது சரளை குறைந்த, கொஞ்சம் மாவு போன்ற மண், தோட்டத்துக்கு இதுதான். நடைமுறையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறவர்கள் உண்டு, நிறம் ஒன்றுதானே. ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்தால் அடியில் எத்தனை கல் மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். சவுடு ஏரி குளத்துப் பக்கத்து மண், மணலும் வண்டலும் கலந்து வெளிறிக் கிடக்கும், பள்ளம் நிரப்ப மலிவானது, ஆனால் சவுடு என்ற பெயரில் அனுமதி வாங்கி மணல் அள்ளுகிறார்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குகள் போயிருக்கின்றன, அரசு அனுமதிச் சீட்டு இல்லாத சவுடு லோடை உங்கள் வாசலில் இறக்கிக்கொள்ளாதீர்கள். நகரத்தில் இன்னொரு வகை, அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டிய மண். தோண்டுகிறவருக்கு அதை எங்கேயாவது தள்ள வேண்டும் என்பதால் மலிவாக, சில சமயம் வண்டி வாடகைக்கே கிடைக்கும். எந்த ஆழத்து மண் என்று பார்த்து எடுத்தால் மோசமில்லை. இடித்த கட்டடத்து ரப்பிஷ் மட்டும் செடி வைக்கப்போகிற இடத்தில் வேண்டவே வேண்டாம், செங்கல் துண்டு, சிமென்ட் பொருக்கு, கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து வரும், சுண்ணாம்புச் சத்து ஏறி மண் காரமாகிவிடும், ஐந்து வருடம் கழித்து மாங்கன்று வைக்கக் குழி தோண்டும்போது கடப்பாரை ணங்கென்று ஓசை கொடுக்கும்.

கரிசல் மண் பற்றி ஒரு எச்சரிக்கை. தூத்துக்குடி, விருதுநகர், கோவைப் பக்கம் இது தாராளமாகக் கிடைக்கும், பருத்திக்கு அருமையான மண்தான். ஆனால் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காம்பவுண்டு சுவரை ஒட்டியோ போர்டிகோவுக்கு அடியிலோ இதைக் கொட்டினால் ஒவ்வொரு வருடமும் சுவர் நெளியும், தரை எழும்பும். நிரப்புவதற்கு இது ஆகாத மண், விலை பாதியாக இருந்தாலும் ஆகாது.

எவ்வளவு மண் தேவை என்கிற கணக்கில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அதை ஒரு அடி உயர்த்த 2400 கன அடி, 24 யூனிட். ஆனால் லாரியில் வருகிறது தளர்ந்த மண். தண்ணீர் விட்டு, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினால் ஐந்தில் ஒரு பங்கு வரை உள்வாங்கும். 24 நிற்க வேண்டுமென்றால் 30 சொல்ல வேண்டும். சென்ட் கணக்கில் வாழ்கிறவர்களுக்கு, ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு அடி உயர்த்த சுமார் 4.4 யூனிட், இறுகலையும் சேர்த்தால் ஐந்தரை. வீடு இருக்கிற பகுதியைக் கழித்துக்கொள்ள மறக்கக்கூடாது, இதை மறந்து மொத்த மனைக்கும் லோடு சொல்லிவிட்டு கடைசியில் பக்கத்துக் காலி மனைக்காரருக்கு இலவச சேவை செய்தவர்கள் இருக்கிறார்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டி ஜேசிபி வைத்துத் தள்ளிவிட்டால் மேலே மட்டும் இறுகும், அடியில் பொதபொதவென்று இருக்கும். ஒன்பது அங்குலத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். பழைய ஆட்கள் மண் அடித்துவிட்டு ஒரு ஐப்பசி கார்த்திகை மழையைத் தாங்கவிட்டு அப்புறம்தான் தரைக் கல் பதிப்பார்கள், அவசரம் இல்லாதவர்களுக்கு அதைவிடச் செலவில்லாத ரோலர் கிடையாது.

உயர்த்துவதற்கு முன்னால் எவ்வளவு உயர்த்துவது என்று தெருவைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம், தெருவோ நின்ற இடத்தில் நிற்பதில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்துக்குப் போன கதை சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று உத்தரவிட்டார். எல்லா ஒப்பந்ததாரரும் கேட்டார்களா என்று உங்கள் தெருவைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதே சமயம் நாம் மூன்று அடி உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர் நாலு அடி உயர்த்துவார். இந்தப் போட்டியில் ஜெயிப்பது மண் லாரிக்காரர் மட்டும்தான்.

தோட்டத்துக்கு மண் வாங்குவது தனிக் கலை. மேல் மண் வேண்டும், அதாவது நிலத்தின் முதல் ஒரு அடி. குவாரியிலிருந்து வருகிற செம்மண் பெரும்பாலும் அடி மண், நிறம் அழகாக இருக்கும், செடிக்கு வேண்டிய சத்து இருக்காது. அதனால் வாங்கியதை அப்படியே பரப்பிச் செடி வைத்துவிட்டு வளரவில்லை என்று நர்சரிக்காரரைத் திட்டுவதில் பயனில்லை. இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணல் அல்லது தென்னை நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் என்பது பரவலாகப் பின்பற்றும் கலவை. இதில் மக்கிய என்கிற சொல் முக்கியம், பச்சைச் சாணி லோடாக வந்தால் கூடவே வெள்ளைப் புழுவும் வரும்.

ஏரி வண்டல் சத்தானதுதான். விவசாயிகளுக்கு அரசே நீர்நிலைகளிலிருந்து இலவசமாக எடுக்க அனுமதி கொடுக்கிறது, ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்று வரம்பு வைத்து. 2024-லிருந்து வட்டாட்சியரே இந்த அனுமதியைக் கொடுக்கலாம் என்று எளிதாக்கினார்கள். அந்தச் சலுகையில் எடுத்ததைக் காசுக்கு விற்க முடியாது, ஆகவே ஒருவர் உங்களிடம் வண்டல் லோடு விலை பேசினால் அது எங்கிருந்து எந்தச் சீட்டில் வருகிறது என்று கேளுங்கள். அப்புறம் வண்டலில் கோரைக்கிழங்கு இருக்கும். ஒரு முறை தோட்டத்துக்குள் கோரை வந்துவிட்டால் அதைப் பிடுங்குவது ஆயுள் வேலை, மேலே இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். லோடு வந்ததும் ஒரு சட்டி மண்ணைத் தனியே வைத்துத் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் பார்த்தால், கோரை, பார்த்தீனியம், சீமைக் கருவேலம் எல்லாம் முளைத்துத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது என்றால் குறைந்தபட்சம் மண் வெட்டுகிற இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிடலாம், அங்கே என்ன வளர்ந்திருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டிலும் வளரும்.

ஆற்று மணல் இல்லாமல் தோட்டம் போட முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், தோட்டத்துக்கு ஆற்று மணல் வீண். காவிரி, பாலாறு, வைகையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2003-ல் மணல் அள்ளுவதைத் தமிழக அரசு தனியாரிடமிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டது, 2017-ல் இணையத்தில் பதிவு செய்து வாங்கும் முறை வந்தது, அதே வருடம் மலேசியாவிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பலில் மணல் வந்து அது உச்ச நீதிமன்றம் வரை வழக்கானது, 2023 செப்டம்பரில் மணல் குவாரிகளில் அமலாக்கத் துறை சோதனை நடந்தபின் சப்ளை இன்னும் சுருங்கியது. இப்படிப்பட்ட பொருளைச் செடித் தொட்டியில் வடிகாலுக்காகக் கலப்பது எந்த விதத்திலும் கட்டுப்படியாகாது. அந்த வேலையைத் தென்னை நார்த்தூளும் கால் ஜல்லியும் செய்யும். கழுவிய எம்-சாண்டும் ஓரளவு செய்யும், கழுவாதது என்றால் அதில் இருக்கும் கல்தூள் வேர் மண்டலத்தில் இறங்கி அடைத்து, மேலே பொருக்குத் தட்டிவிடும். கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் கடல் மணலை அள்ளிப் போடுவது சட்டப்படியும் தப்பு, உப்பு ஏறிச் செடியும் கருகும்.

எம்-சாண்ட் என்று வருவதெல்லாம் எம்-சாண்ட் அல்ல என்பதும் பழைய புகார்தான். ஜல்லி உடைக்கும்போது விழுகிற கிரஷர் தூளை அப்படியே ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐஎஸ் 383 தரத்தின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்புப்படி, உடைத்த கல் மணலில் 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூள் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சல்லடை இல்லாதவர்கள் ஒரு பிடியை நனைத்து உள்ளங்கையில் தேய்த்துக் கழுவிப் பார்க்கலாம், சாம்பல் பசை போல ஒட்டிக்கொண்டு போகாமல் நின்றால் அது தூள். தரையில் பேவர் கல் பதிக்க அடியில் இந்தத் தூளைப் போட்டுக் கொடுக்கிறவர்கள் அதிகம், மலிவு என்பது ஒன்றே காரணம், தண்ணீரைப் பிடித்துவைத்து மழைக்காலத்தில் கல்லை ஆட வைக்கும். அங்கே கொரகொரப்பான எம்-சாண்ட் போடச் சொல்லுங்கள். பி-சாண்ட் பூச்சு வேலைக்கானது, தோட்டத்தில் அதற்கு வேலையில்லை.

ஜல்லியில் ஒன்றரை என்றால் 40 மி.மீ., முக்கால் 20, அரை 12, கால் ஜல்லி அல்லது சிப்ஸ் 6. நடைபாதைக்கு மேலே அரை ஜல்லிதான் நடக்கச் சௌகரியம், சிப்ஸ் செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும், முக்கால் காலைப் புரட்டும். ஜல்லிக் கணக்கில் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வாங்கிவிடுகிறோம். ஒரு யூனிட், இரண்டு அங்குலக் கனத்தில் 600 சதுர அடியை மூடும். முப்பது அடி நீளம் மூன்று அடி அகலப் பாதைக்கு வெறும் 15 கன அடி போதும், இதற்கு டிப்பர் தேவையில்லை, குட்டி யானையில் வரும். அடியில் கிராவல் போட்டு இடித்து, மேலே ஜல்லி, இரண்டுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் ஜல்லி மண்ணுக்குள் புதையாது. சாக்குத்தாளையும் பிளாஸ்டிக் ஷீட்டையும் விரிக்காதீர்கள், ஒன்று மக்கிவிடும், மற்றொன்று தண்ணீரை இறங்கவிடாது.

சென்னைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். பல்லாவரம், திரிசூலம் பக்கத்து நீலங்கலந்த கருங்கல்லுக்கு புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்று கண்டு, அதை வைத்து 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் சூட்டிய பெயர் அது. கல்லறைக்குப் போன கல் பல்லாவரத்துக் கல். இப்போது சென்னைக்கான ஜல்லி காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது, நம் பில்லில் கல்லைவிடப் பயணச் செலவே பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் ஊருக்கும் கிரஷருக்கும் உள்ள தூரத்தைக் கேட்டால் விலையில் பாதி புரிந்துவிடும்.

மொட்டை மாடியில் தோட்டம் போட லோடு வாங்குகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு வாங்கவும். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரப்படி சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ கூடுதல் பாரம்தான் வடிவமைப்பில் வைப்பார்கள். நனைந்த மண் ஒரு அடி ஆழம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டும். அரை யூனிட் செம்மண்ணை மாடியில் ஒரே மூலையில் குவித்து வைத்துவிட்டு மழை வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். தென்னை நார்த்தூளும் உரமும் அதிகமாக, மண் குறைவாக, அதுவும் தூண், பீம் வருகிற ஓரங்களில்.

இறக்குகிற நாளுக்கான விஷயங்கள் கொஞ்சம் அலுப்பானவை, ஆனால் உண்மையான நஷ்டம் இங்கேயும் வரும். பதினைந்து டன் வண்டி உள்ளே வரும்போது சம்ப் மூடி, செப்டிக் டேங்க், மெட்ரோ வாட்டர் குழாய் இருக்கும் இடம் எதுவும் டிரைவருக்குத் தெரியாது, நீங்கள்தான் கல் வைத்து அடையாளம் காட்ட வேண்டும். டிப்பர் பாடி தூக்கினால் முன்பக்கம் பதினேழு பதினெட்டு அடி உயரம் போகும், உங்கள் வீட்டுக்கு வருகிற சர்வீஸ் கம்பி அதற்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். கம்பிக்கு அடியில் பாடியைத் தூக்கச் சொல்லவே சொல்லாதீர்கள், வேறு இடம் இல்லையென்றால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திவைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வைத்து வாரி இறக்குங்கள். நகரத்தில் பகலில் நெரிசல் நேரத்துக்கு லாரி வராது, விடியற்காலையில்தான் வரும், அந்த நேரத்தில் டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும். தெருவில் கொட்டிவிட்டு நாளைக்கு அள்ளலாம் என்றால் மாநகராட்சி அபராதம், மழை வந்தால் கால்வாய் அடைப்பு. உள்ளே தூக்கிப் போட ஒரு யூனிட்டுக்கு இருநூறு இருநூற்றைம்பது சட்டி ஆகும், பின்பக்கத் தோட்டம் வரை நடக்க வேண்டுமென்றால் கூலி மண் விலையைத் தொட்டுவிடும், விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பாருங்கள்.

டிரைவரிடம் நடைச்சீட்டு கேளுங்கள். குவாரி பெயர், வண்டி எண், தேதி, நேரம், அளவு எல்லாம் அதில் இருக்கும், அந்த அளவையும் உங்கள் டேப் அளவையும் ஒப்பிடுவதுதான் மலிவான தணிக்கை. சீட்டு இல்லாமல் கனிமம் கொண்டுபோவது 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி குற்றம், வண்டியைப் பறிமுதல் செய்வார்கள், பாதி லோடு உங்கள் வாசலில் கிடக்கும்போது அந்த விவகாரத்தில் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். பில் கேட்டால் ஜிஎஸ்டி ஐந்து சதவீதம் சேர்ப்பார்கள், அது வேண்டாம் என்றால் பில்லும் கிடையாது, பின்னால் குறை சொல்ல ஆதாரமும் கிடையாது.

வரிசையையும் கவனியுங்கள். நிரப்பும் மண் முதலில், அது இறுகியபின் பாதைக்கான கிராவலும் ஜல்லியும், செடி மண் கடைசியில். ஒரே வியாபாரி எல்லாவற்றையும் ஒரே நாளில் அனுப்பிவிடுகிறேன் என்பார், அவருக்கு வண்டி வாடகை மிச்சம், உங்களுக்கு மூன்று குவியலும் முதல் மழையிலேயே கலந்துவிடும். முதல் லோடை மட்டும் சொல்லி, அளந்து, பாட்டில் சோதனை பார்த்து, அதே சரக்கு வருமென்றால் மிச்ச லோடுகளுக்கு முன்பணம் கொடுங்கள்.